கஜானா காலியானால் எங்கே வெட்டுவது?

2024 செப்டம்பரில் இமாசலப் பிரதேச அரசு ஊழியர்களுக்கு 1-ஆம் தேதி வரவேண்டிய சம்பளம் 5-ஆம் தேதிதான் வந்தது; ஓய்வூதியம் 10-ஆம் தேதி. முதல்வரும் அமைச்சர்களும் தங்கள் சம்பளத்தை இரண்டு மாதம் தள்ளிப் போட்டுக்கொள்வதாக அறிவித்தார்கள். நல்ல முன்மாதிரிதான், ஆனால் அதனால் கஜானா நிரம்பிவிடாது.

மாநில அரசு நோட்டு அச்சடிக்க முடியாது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி இருந்தால், அரசியல் சட்டத்தின் 293-ஆம் பிரிவின்படி அதன் சம்மதமின்றிப் புதுக் கடனும் வாங்க முடியாது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றில் எளிதில் கைவைக்க இயலாது. ஆகவே முதலில் கத்தி விழுவது சாலை, பாலம், கால்வாய்ப் பராமரிப்பின் மீது.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வருடம் ஜல்லி போடாவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பிறகு லைன் தாழும். காஷன் ஆர்டர் கொடுத்து வண்டியை ஊர்ந்து போகச் சொல்ல வேண்டும். மிச்சம் பிடித்ததைவிடச் செலவு கூடும்.

வெட்ட வேறு இடம் உண்டு. வருமான வரி கட்டுவோருக்கு இலவச மின்சாரத்தை நிறுத்த இமாசல அரசு 2024-இல் முடிவெடுத்தது. அதுதான் சரியான வழி. வசதியுள்ளவருக்கு மானியம் வேண்டாம். புது அடிக்கல்லும் ஓராண்டு காத்திருக்கட்டும். இருக்கிற பாலத்தை மட்டும் காக்க வைக்காதீர்கள்.