காய்ச்சல் காலத்துச் சிங்களம்

மே மாதம் தொடங்கிவிட்டால் தென்மேல் பருவமழை மலையகத்தின் மேற்குச் சரிவை இலகுவில் விடுவதில்லை. வட்டவளை, ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டங்களில் நனைந்த சீருடை காய்வதற்கே இரண்டு மூன்று நாளாகும். பாடசாலையின் இரண்டாம் தவணையும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் ஓடுகிறது. தடிமனும் காய்ச்சலும் வந்து நான்கைந்து நாள் லயத்தில் கிடக்கும் பிள்ளை திரும்பி வரும்போது, தவறிய கணக்கைக் கூட்டாளியின் கொப்பியைப் பார்த்துச் செய்து பழகிவிடலாம். விஞ்ஞானத்துக்கும் வரலாற்றுக்கும் பாடநூல் கைகொடுக்கும். இரண்டாம் மொழிச் சிங்களமும் ஆங்கிலமும் அப்படிக் கைக்கு வருவதில்லை. நோயில் கிடக்கும் பிள்ளையின் தலையில் மொழிப்பாடத்தைச் சுமத்தக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த நாள்களில் மொழியோடு உள்ள தொடர்பை அடியோடு அறுத்துவிடவும் கூடாது. எழுத்து வேலையை முழுதாக நிறுத்திவிட்டு, காதுக்கு மட்டும் தினமும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். அதற்கான ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது பாடசாலை. பிள்ளையோ பெற்றோரோ அல்ல.

இந்தக் கோரிக்கை தோட்டப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் அவர்கள் வாழும் இடம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர்கள். லயத்தில், பெரட்டுக் களத்தில், கொழுந்து மலையில், கோயிலில் பேசப்படுவது தமிழ். தொலைக்காட்சியில் ஓடுவதும் பெரும்பாலும் தமிழ்நாட்டு அலைவரிசைகள்தான். சிங்களக் கிராமத்தை ஒட்டிய சில தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே பிள்ளைகள் விளையாடும்போதே சிங்களம் பேசப் பழகிவிடுகிறார்கள். உள்ளே தள்ளியிருக்கும் டிவிஷன்களில் வளரும் பிள்ளைக்கோ சிங்களம் காதில் விழும் இடம் கிட்டத்தட்ட வகுப்பறை ஒன்றுதான், அதுவும் கிழமைக்குச் சில பாடவேளை மட்டும். தரம் 6 முதல் 9 வரை சிங்களம் இரண்டாம் தேசிய மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. சாதாரண தரத்தில் அதை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். ஆனபடியால் காலம் குறைவு, கேட்கும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. கொழும்பில் காய்ச்சலில் கிடக்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் சன்னல் வழியாகவே வந்து சேரும். நோர்வூட்டில் அது வராது.

மறதி எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மறுபடி கற்று, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்து, 1885இல் நூலாக வெளியிட்டார். இருபது நிமிடத்துக்குப் பிறகு மிச்சம் ஏறக்குறைய 58 வீதம், ஒரு நாள் கழிந்தபின் 34 வீதம், ஆறு நாள் கழிந்தபின் 25 வீதம், ஒரு மாதத்துக்குப் பிறகு 21 வீதம். பெரிய சரிவு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. பிறகு இறக்கம் மெதுவாகிறது. பொருளுள்ள சொற்கள் இவ்வளவு விரைவாக உதிர்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் சிங்களத்தை அப்போதுதான் தொடங்கிய தரம் 6 பிள்ளைக்கு, போன கிழமை கேட்ட சொல் அந்த அசைகளைவிட அதிகம் வேரூன்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. இதில் பயனுள்ள செய்தியும் ஒன்று உண்டு. ஒரே மூச்சாக ஒரு மணிநேரம் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாளுக்குப் பிரித்துக் கொடுப்பது நினைவில் அதிகம் தங்கும். இதையும் அவரே கண்டார். பின்வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கின்றன. நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் என்பது ஏதுமில்லாததற்குச் சமமல்ல.

உடம்புக்கு முடியாத பிள்ளையைப் படிக்கச் சொல்வது கொடுமையல்லவா என்று முதலில் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் எந்தப் பாடமும் வேண்டாம். நீர், மருந்து, உறக்கம், இவற்றுக்கு மேல் எதுவும் அவசியமில்லை. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்வதே உறக்கத்தில்தான். எனவே உறக்கத்தைக் கெடுத்துப் படிப்பது படிப்புக்கே நட்டம். என் கோரிக்கை தொடங்குவது காய்ச்சல் இறங்கி, பிள்ளை எழுந்து உட்கார்ந்து, போரடிக்கிறது என்று முனகத் தொடங்கும் நேரத்தில். அந்த மூன்று நான்கு நாள்தான் வீணாகிறது. நோய் எல்லாத் திறனையும் ஒரே அளவில் மழுக்குவதுமில்லை. இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் 1946இல் தொடங்கிய தடிமன் ஆய்வு நிலையத்தில், பின்னாளில் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற உளவியலாளர் தொண்டர்களைச் சோதித்தார். இன்புளுவென்சா கண்டவர்கள் திடீரென்று வரும் குறிப்பைக் கவனித்து எதிர்வினை காட்டுவதில் பின்தங்கினார்கள். சாதாரணத் தடிமன் கண்டவர்களுக்குக் கண்ணும் கையும் இணைந்து செய்யும் வேலை தடுமாறியது. எழுத்துப் பயிற்சியை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு நியாயம். இருபது தரம் எழுதி வா என்று கொப்பியைக் கொடுத்தனுப்பும் பழக்கம் நோயாளிப் பிள்ளைக்குப் பொருத்தமே இல்லாத ஒன்று.

அப்படியானால் என்ன கொடுப்பது? முன்பே கற்ற பத்துச் சொல், இரண்டு மூன்று சிறு உரையாடல், ஆசிரியரின் குரலில் மூன்று நிமிடப் பதிவு. புதுப்பாடம் எதுவும் வேண்டாம். அந்த வீட்டில் நோயே பாடத்துக்குப் பொருளையும் கொண்டுவந்து போட்டிருக்கிறது. காய்ச்சலுக்கு உண, இருமலுக்குக் கெஸ்ஸ, தலைக்கு ஒளுவ, வயிற்றுக்குப் பட. அரசாங்க வைத்தியசாலையில் மாத்திரையைச் சுற்றித் தரும் சிறு கடதாசி உறையைக் கையில் வைத்துக்கொண்டு உதே, தவல், றே என்று காலை, பகல், இரவைச் சொல்லிப் பார்க்கலாம். தலைவலிக்கும்போது தலைக்கான சொல்லைக் கேட்கும் பிள்ளைக்கு அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. ஆனால் இதைத் தமிழ் எழுத்தில் எழுதிய அட்டையாக மட்டும் கொடுத்தால் வேலை கெட்டுவிடும். வயிற்றுக்கான சிங்களச் சொல்லை நம் எழுத்தில் ‘பட’ என்றுதான் எழுத முடியும். படம் என்பதில் வரும் வல்லின ஒலியில் தொடங்குவதா, பம்பரத்தின் நடுவில் வரும் மெல்லிய ஒலியில் தொடங்குவதா என்பதை அந்த அட்டை சொல்லாது. சிங்களத்தில் இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். குரல் கூட வராத அட்டை பிழையைத்தான் உறுதியாக்கும்.

காதை நம்பும் இந்த வழிக்கு ஒரு பலவீனம் உண்டு. தடிமன் பிடித்த சிறுவர்களுக்கு நடுக்காதில் நீர் கோப்பதும், சில நாளோ சில கிழமையோ செவி மந்தமாவதும் மருத்துவர்கள் நன்றாக அறிந்த விடயம். தமிழ் என்றால் பாதி கேட்டாலும் மீதியைப் பிள்ளை ஊகித்துக்கொள்ளும். பழகாத மொழியில் அந்த ஊகம் வேலை செய்யாது; சிறு ஒலி வேறுபாடுகள்தான் முதலில் காணாமல் போகும். பழைய சொற்களையே கொடுக்கச் சொல்வது இதனாலும்தான். காய்ச்சல் விட்ட பிறகும் ‘என்ன, என்ன’ என்று திருப்பிக் கேட்கும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று திட்டாமல், காதைப் பார்க்கத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ வைத்தியசாலைக்கோ அனுப்பவேண்டும். மொழி ஆசிரியர்தான் இதை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடிக்கக்கூடியவர்.

ஒரு கிழமை போனால் குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் துணைக்கு அழைக்கக்கூடிய ஆய்வு அமெரிக்கரான ஹரி பாரிக் 1984இல் வெளியிட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி படித்த 733 பேரை, சிலரைப் படித்து ஐம்பது ஆண்டு கழிந்தபின்கூட, அவர் சோதித்தார். முதல் சில ஆண்டுகளில் அறிவு குறைந்தது. அதன்பின் எஞ்சியது ஏறக்குறைய முப்பது ஆண்டு அசையாமல் நின்றது. ஆனால் யாரிடம் எவ்வளவு எஞ்சியது என்பதைத் தீர்மானித்தது அவர்கள் தொடக்கத்தில் எவ்வளவு ஆழமாகக் கற்றார்கள் என்பதே. கூடுதல் நிலை வரை படித்து நல்ல புள்ளி பெற்றவர்களிடம் மொழி தங்கியது. மேலோட்டமாகத் தொட்டவர்களிடம் தங்கவில்லை. நம் பிள்ளைகள் இரண்டாம் வகையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. ஒரு கிழமை தவறுவதால் பெரிதாக எதுவும் கெடாது. மழைக்கு இரண்டு நாள், காய்ச்சலுக்கு நாலு நாள், ஆசிரியர் இல்லாததால் ஒரு மாதம் என்று நான்கு வருடமும் துண்டு துண்டாகப் போகும்போதுதான், கற்றது ஆழத்துக்கு இறங்காமலே பாடம் முடிந்துவிடுகிறது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பிள்ளை ஏன் இத்தனை தரம் நோயில் விழுகிறது என்பதை விட்டுவிட்டு, படுக்கையிலும் படி என்று அதனிடமே பொறுப்பைத் தள்ளுவதா? 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டத்துறையில் சுமார் 32 வீதம். போசாக்கும் லயத்தின் ஈரச்சுவரும் சரியாகாதவரை காய்ச்சல் நாள்கள் குறையப்போவதில்லை. எந்தக் குரல் பதிவும் இதற்கு மருந்தாகாது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பிறகு, வைத்தியசாலையில் தமிழில் பதில் பெறுவது நோயாளியின் உரிமை. பிள்ளை சிங்களம் கற்பதைச் சாட்டி அந்தக் கடமையிலிருந்து அரசு நழுவ இடம் கொடுக்கக் கூடாது. இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னும், வீடும் உணவும் சரியாகும்வரை இன்று தரம் 7இல் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. அதனால்தான் பொறுப்பைப் பாடசாலையின் கணக்கில் எழுதுகிறேன். அம்மா காலையில் கொழுந்தெடுக்கப் போனால் மாலையில்தான் திரும்புவார். பிள்ளையோடு வீட்டில் நின்றால் அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போகும். அவருக்குச் சிங்களம் தெரியாமலும் இருக்கலாம். அவரிடம் இந்த வேலையை ஒப்படைக்க முடியாது.

பாடசாலைக்கு இது பெருஞ்செலவும் அல்ல. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்பு மலைச்சரிவில் சிக்னல் தேடி அலையவைத்தது. கையில் கொண்டுபோய்க் கொடுத்த செயலட்டைதான் பல லயங்களை எட்டியது. மூன்று நிமிடக் குரல் பதிவை ஆசிரியர் தம் போனில் ஒரு தரம் எடுத்து வைத்தால், அதே தரத்தில் வருடம் முழுவதும் நோயில் விழும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உதவும். அதற்கு நேரலை இணைப்பு வேண்டாம். மாலையில் வீட்டுக்கு வரும் ஏதாவது ஒரு போனில் ஏறியிருந்தால் போதும். போனே இல்லாத வீட்டுக்கு, அதே லயத்தில் இருக்கும் மேல்வகுப்புப் பிள்ளை வந்து, வாசலில் நின்று ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுக்கலாம். தொற்றும் நோயாக இருந்தால் அந்த இடைவெளி அவசியமும்கூட.

வைத்தியசாலையில் தங்க நேரும் பிள்ளையின் நிலை சற்று வேறு. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை 150 கட்டில் கொண்டது. இதுபோன்ற விடுதியில் தாதியும் வைத்தியரும் பக்கத்துக் கட்டில்காரரும் பேசும் சிங்களம் நாள் முழுவதும் காதில் விழும். லயத்தில் கிடைக்காத வாய்ப்பு அது. ஆனால் புரியாத மொழி பயத்தோடு சேர்ந்து வரும்போது பிள்ளை கற்பதற்குப் பதில் ஒடுங்கிவிடும். தமிழில் ஆறுதலாகப் பேச ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அடுத்த மொழிக்கு அதன் மனம் திறக்கும். தமிழ் தெரிந்த ஊழியரை விடுதியில் வைப்பது உரிமைக்காக மட்டுமல்ல, இதற்காகவும் வேண்டும்.

பாடசாலைக்குத் திரும்பும் முதல் நாளில் இப்போது நடப்பது, தவறிய பாடத்தையெல்லாம் கொப்பியில் பார்த்தெழுதச் சொல்வது. எபிங்ஹவுஸின் கணக்குப்படி, மறந்ததாகத் தோன்றும் சொல்லை மறுபடி கற்க முதல் தரம் ஆன உழைப்பு தேவைப்படாது. ஆகவே அன்றைய சிங்களப் பாடவேளையில் பத்து நிமிடத்தைப் பழைய சொற்களுக்கு ஒதுக்கி, வகுப்பு முழுவதையும் வாய்விட்டுச் சொல்ல வைத்து, திரும்பி வந்த பிள்ளையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்; தவறிய எழுத்து வேலையை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைக்கலாம்.