சிரையில் தைப்பதா, சிரையைச் சுற்றித் தைப்பதா?

புதுச்சேரியில் பாகூர்ப் பக்கமோ வில்லியனூர்ப் பக்கமோ ஒரு பச்சைக் குழந்தை பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, பாதியிலேயே களைத்துத் தூங்கிவிட்டால் வீட்டில் முதலில் சளி என்பார்கள். தோஷம் என்று மந்திரிக்கத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. மாநிறக் குழந்தையின் உதட்டில் லேசாக ஓடும் நீலம் எளிதில் கண்ணில் படாது. இதற்குக் காரணமாகக்கூடிய பிறவி இதயக் கோளாறுகளில் ஒன்றை மருத்துவர்கள் 'டிஏபிவிசி' என்பார்கள்.

நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் நான்கு சிரைகள் வழியே இதயத்தின் இடது மேலறைக்கு வர வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு சிரைகூட அங்கே சேராது. பெரும்பாலும் நான்கும் இதயத்துக்குப் பின்னால் ஒரே குழாயாகக் கூடி, சுற்றுவழியில் வலது மேலறைக்கே போய்விடும். இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள ஓட்டையில் கடந்து வரும் கலப்பு ரத்தத்தில்தான் உயிர் ஓடும். உதரவிதானத்தைத் தாண்டிக் கல்லீரல் பக்கம் இறங்கும் வகை மிகக் கொடியது. வழியில் சிரை நெருக்குண்டு நுரையீரலில் ரத்தம் தேங்கும். பிறந்த சில நாட்களிலேயே நிலைமை கைமீறும். இந்தக் கோளாறை மருந்தால் சரிசெய்ய முடியாது, அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

1950களில் தொடங்கிய முறையில் அந்தப் பொதுக் குழாயையும் இடது மேலறையின் பின்சுவரையும் திறந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்றும் இதுவே நன்றாகக் கைகொடுக்கிறது. ஆனால் நூல் பட்ட இடத்தில் தழும்பு தடித்து, நூற்றில் பத்து முதல் இருபது குழந்தைகளுக்குச் சிரை மறுபடியும் சுருங்குகிறது. பிறந்த சிசுவின் சிரை சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். தழும்பு கொஞ்சம் தடித்தாலே வழி அடைபடும்.

அப்படிச் சுருங்கிய குழந்தைகளுக்காக 1990களின் பிற்பாதியில் பிரான்ஸிலும் கனடாவிலும் வேறொரு வழி பிறந்தது. சிரைகளை அகலத் திறந்து அப்படியே விட்டுவிட்டு, மேலறையின் விளிம்பைச் சுற்றியுள்ள இதய உறையோடு தைப்பார்கள். வாய்க்கால்களின் வாயைத் தொடாமல், அவை எல்லாவற்றையும் உள்ளடக்கி சுற்றி ஏரிக்கரையை எழுப்புவது போன்றது இது. சிரையின் விளிம்பில் நூல் படாததால் அங்கே தழும்பு ஏற வாய்ப்பு குறைவு. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சுற்றுத்தையல் சரியாகப் பிடிக்காவிட்டால் ரத்தம் கசியும். இதய உறையை ஒட்டியே உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஓடுகிறது. அதில் ஊசி பட்டால் குழந்தைக்கு மூச்சுவிடுவதே பாடாகும்.

இப்போது பல மையங்களில் இந்தப் புதிய முறையை முதல் அறுவையாகவே செய்கிறார்கள். ஒப்பீட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய நோயாளிகளின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தவைதான். அவற்றில் புதிய முறையில் மறுஅடைப்பு குறைவாகத் தெரிகிறது. உயிர் பிழைப்பதில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே சிரைகள் மிகச் சிறிதாக, நெருக்குண்டு, சிக்கலாக இருந்தால் புதிய முறை. தாராளமான, அடைப்பில்லாத சிரைகள் என்றால் பழைய முறையும் போதும் என்பதே என் கணிப்பு.

எந்த முறையானாலும் குழந்தை உயிரோடு அறுவை அரங்குக்கு வந்து சேர வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. பாகூரிலிருந்து தூரம் பெரிதல்ல. நோயைச் சந்தேகிக்க ஆகும் நாட்கள்தான் பெரிது. பிறந்து ஒரு நாள் கழிந்ததும் குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் சில நிமிடங்களில் துப்பு கிடைக்கக்கூடும். ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மறுபடி பார்த்து, அப்படியே நீடித்தால் எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கேயின் பரிசோதனைப் பட்டியலில் பிறவி இதய நோயும் உண்டு.

பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்புமுன் "கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்த்தீர்களா?" என்று செவிலியரிடம் கேளுங்கள். அறுவை முடிந்த குழந்தை என்றால், மறுஅடைப்பு பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில்தான் வருகிறது. குழந்தை சிரித்து விளையாடினாலும் அந்த மாதங்களில் எடுக்க வேண்டிய எக்கோ ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.