இசையும் நினைவும்

பாட்டைக் கேட்டுக்கொண்டே பாடம் படிக்கும் மாணவர் பலர் உளர். இசை நினைவுக்குத் துணையா, தடையா என்பதை வகுப்பறையிலேயே சோதித்து அறியலாம்.

ஆசிரியர் 15 எளிய சொற்கள் கொண்ட மூன்று பட்டியல்களை உருவாக்குவார். மாணவர் முதற்பட்டியலை அமைதியிலும், இரண்டாவதை வீணையிசை ஒலிக்கும்போதும், மூன்றாவதைப் பாட்டு ஒலிக்கும்போதும் 2 நிமிடம் படிப்பர். ஒவ்வொரு முறையும் பட்டியலை மூடிவிட்டு, நினைவில் நின்ற சொற்களை எழுதுவர். மூன்று பட்டியல்களும் ஒரே அளவு எளிமையுடையனவாக இருத்தல் வேண்டும். இல்லையேல், வேறுபாட்டிற்குக் காரணம் இசையா, சொற்களா என்பது விளங்காது.

இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் பாட்டே மிகுந்த தடையாகிறது. படிக்கும் சொல் மனத்துள் ஒலியாக எழுகிறது. தமிழ்ப் பாட்டாயினும் இந்திப் பாட்டாயினும், அதன் சொற்கள் அவ்வொலியோடு மோதுகின்றன. வீணையிசையில் சொற்கள் இல்லாமையால் தடை குறைவு.

ஆனால், கற்க வேண்டிய சொற்களையே பாடினால் இசை துணையாகிறது. ஒரு சொல் மறந்தாலும், மெட்டும் தாளமும் எதுகையும் அதனை நினைவூட்டுகின்றன. தமிழ் எழுதப் பழகாத சிறுவரும் பாட்டியிடம் கேட்ட பாட்டைத் தடுமாறாமல் பாடுவது இதனாலேயே. ஆகவே, படிக்கும் வேளையில் பாட்டுக் கேட்பதைத் தவிர்த்து, பாடத்தையே பாடிப் பழகுதல் நலம்.