பழத்துடன் மெதுவாக வேகும் பன்றி விலாக்கறி

பன்றியின் விலா எலும்புகளைச் சதையோடு எடுத்து, பழம் சேர்த்து, குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவிடும் சமையல் முறை பல நாடுகளில் உண்டு. பன்றிக்கறியோடு பிரான்சின் நார்மாண்டியில் ஆப்பிளைச் சேர்ப்பர். டென்மார்க்கில் உலர்ந்த பிளம் பழத்தைச் சேர்ப்பர். குடகில் குடம்புளி இனப் பழத்தின் சாற்றைக் கறுக்கக் காய்ச்சிய கச்சம்புளி இல்லாமல் பந்திக் கறி இல்லை. கொழுப்பு மிகுந்த கறிக்குப் புளிப்பு துணை என்பதை எல்லா ஊராரும் தாமாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

விலாத் தசைகள் மூச்சு விடும்போதெல்லாம் இயங்குபவை. அதனால் அவற்றில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் அதிகம். சூடு 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்கி, கறியிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். கறி ரப்பர் போலாகும். பலர் அடுப்பை அணைப்பது இந்தக் கட்டத்தில்தான். 70 பாகைக்கு மேல் அதே கொலாஜன் சிறுகச் சிறுகக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. உட்புறச் சூடு 90 பாகையைத் தாண்டிச் சற்று நேரம் நிலைத்தால் எலும்பிலிருந்து சதை தானே கழலும். தீயைக் கூட்டித் தளதளவெனக் கொதிக்கவிட்டால் சதை நார்நாராகிவிடும். பிரஷர் குக்கரில் முக்கால் மணிக்குள் வேலை முடியும். ஆனால் பழம் இருந்த இடம் தெரியாது.

பழத்தைச் சேர்க்கும் நேரம்தான் இதில் முக்கியம். பச்சை அன்னாசியில் புரோமெலைனும், பப்பாளியில் பப்பைனும் உள்ளன. இரண்டும் புரதத்தைச் செரிக்கும் நொதிகள். அன்னாசிச் சாற்றில் அரை மணி ஊறினால் கறி மென்மையாகும். இரவு முழுதும் ஊறினால் மேற்புறம் கூழாகும். ஸ்லோ குக்கரில் கறி மெல்லச் சூடேறுவதால், நொதி சுறுசுறுப்பாக வேலை செய்யும் 50–60 பாகையில் நெடுநேரம் நிற்கும். எனவே அன்னாசியைத் தனியாகக் கொதிக்கவைத்துச் சேர்க்க வேண்டும், அல்லது கடைசி ஒரு மணி நேரத்தில் போட வேண்டும். டின்னில் வரும் அன்னாசியில் நொதி ஏற்கெனவே அழிந்திருக்கும். ஆப்பிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதலிலேயே போட்டால் கரைந்து, அதிலுள்ள பெக்டினால் குழம்பு கெட்டிப்படும். பாதியை முதலிலும் மீதியைக் கடைசியிலும் போடுவது என் விருப்பம்.

ஒரு கிலோ விலா மூன்று பேருக்குத்தான் போதும். எலும்பின் எடை அதிகம். உட்புறத்து மெல்லிய சவ்வைக் கத்தி முனையால் நெம்பி, துணியால் பிடித்து உரிக்கவும். உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு விழுது தடவி வாணலியில் சிவக்க வறுக்கவும், ஏனெனில் ஈரச் சூட்டில் கறி நிறம் பெறாது. அடியில் வெங்காயம், மேலே கறி, ஆப்பிள், அரைக் கோப்பை ஆரஞ்சுச் சாறு. இதற்குமேல் நீர் வேண்டாம். கறியே நீர் விடும். ஸ்லோ குக்கரில் ‘லோ’ நிலையில் 7–8 மணி நேரம். அடுப்பில் அடிகனத்த பாத்திரத்தில், மிகச் சிறு தீயில், இரண்டரை மணி நேரம். இடையிடையே நீர் வற்றாமல் பார்க்க வேண்டும். புளிப்பு உள்ளதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது. எலும்பைத் திருகினால் சுழலும் நிலை வந்ததும் இறக்கி, குழம்பை வற்றவைத்து, வெல்லம் கரைத்து மேலே பூசவும்.

உறைந்த கறியை நேராக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. 5 முதல் 60 பாகை வரையுள்ள சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வேகும்போது மின்சாரம் போனால் உடனே கறியை அடுப்புக்கு மாற்ற வேண்டும். வீட்டில் ஆளில்லாதபோது எவ்வளவு நேரம் மின்சாரம் நின்றது என்று தெரியாவிட்டால், விலை பாராமல் கொட்டிவிடுவதே நல்லது.

பன்றிக்கறி என்றதும் மூளையில் புழு என்ற அச்சம் எழுகிறது. சரியாக வேகாத கறியை உண்டால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. வலிப்பை உண்டாக்கும் மூளைக் கட்டிகள், அந்தப் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் கைகள், நீர், பச்சைக் காய்கறி வழியாக வாய்க்குள் செல்வதால் வருகின்றன. ஆகவே கறியே உண்ணாதவருக்கும் அது வரலாம். 90 பாகை கண்ட விலாக்கறியில் புழு பிழைக்காது. கை கழுவுவதையும் விட்டுவிடக் கூடாது.

மீந்த கறியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், மறுநாள் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்திருக்கும்; கரண்டியால் எளிதில் எடுத்துவிடலாம். கீழே குழம்பு அல்வா போல் தளதளவென்று நின்றால் அது கெட்டுப்போனதல்ல, ஜெலட்டின், சூடாக்கினால் இளகிவிடும்.