சுவருக்கு உள்ளே தம்பி... வெளியே அக்கா!

கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் மகனைப் பார்க்க, நான், என் கணவர், மாமியார் மூவரும் போயிருந்தோம். "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்காதீங்கம்மா" என்று, காலிக் கோட்டைக்கு ஒரு நாள் சுற்றுலாவில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். "ஊர் பேரே காலியா? அங்கே பார்க்க என்னடா இருக்கும்?" என்று கிண்டலடித்தார் என்னவர்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில், எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மாமியாரின் தங்கையும் அதில் ஒருவர். அன்றிலிருந்து மாமியார் கடற்கரைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. "கோட்டை பார்க்கப் போறோம் அத்தை" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன். கோட்டையின் மூன்று பக்கமும் கடல் என்பதை மறைத்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து சுமார் 120 கி.மீ. வழிகாட்டியாக வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் சிங்கள இளைஞர். தமிழ் நன்றாகவே பேசினார். போர்ச்சுக்கீசியர் 1588ல் கோட்டை கட்டியது, 1640ல் டச்சுக்காரர் பிடித்துப் பெரிதாக்கியது, 1796ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது எல்லாவற்றையும் கதை போலச் சொன்னார். பழைய வாசலில் வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் சின்னம். உள்பக்கம் டச்சுக் கம்பெனியின் சின்னம், 1669 என்ற ஆண்டோடு!

1755ல் கட்டிய டச்சு தேவாலயம், சர்ச் போலவே தோற்றமளிக்கும் பள்ளிவாசல், வெள்ளை வெளேரென்ற கலங்கரை விளக்கம்... எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். தலையணை மேல் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் நூல் சுற்றி, 'பீரலு' என்ற லேஸ் பின்னும் பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்து அசந்து போனேன். கடலின் ஏற்ற இறக்கத்தால் தானே கழுவிக்கொள்ளும்படி டச்சுக்காரர்கள் சாக்கடை அமைத்தார்களாம். எத்தனை புத்திசாலித்தனம்!

தெருக்களில் சந்தோஷமாக நடந்த மாமியார், மதில் ஓரம் வந்து கடலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "என்னை ஏமாத்திட்டியேம்மா" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

விஷயம் அறிந்த வழிகாட்டி, "கடல் பக்கம் வேணாம் அம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்று, நிலத்தைப் பார்த்திருக்கும் மதிலுக்கு அழைத்துப் போனார். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று அங்குள்ள கொத்தளங்களுக்குப் பெயர். கீழே கிரிக்கெட் மைதானமும் பஸ் ஸ்டாண்டும் தெரிந்தன.

"அன்னைக்கு நான் சின்னப் பையன். கோட்டைக்குள்ளே எங்க மாமா வீட்டிலே இருந்தேன். இந்தச் சுவர் பீரங்கிக்காகக் கட்டினது அம்மா. ஆனா எங்களைக் கடல்கிட்டே இருந்து காப்பாத்திச்சு. என் அக்கா, ஊருக்குப் போக அந்த பஸ் ஸ்டாண்டிலே நின்னாங்க..." என்றவர், அதற்கு மேல் பேசவில்லை.

மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் அம்மா இருக்காங்களா தம்பி?"

"இருக்காங்க. கடலைப் பார்க்கவே மாட்டாங்க."

"நானும் அப்படித்தான்ப்பா. என்னைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ" என்றார் மாமியார்!

அவர் கையைப் பிடித்தபடியே மதில் மேல் மெல்ல நடந்து, கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். தங்கையின் பெயரை ஒரு முறை சொன்னார். கொண்டு வந்த முறுக்குப் பொட்டலத்தை, "உங்க அம்மாவுக்குக் கொடு" என்று வழிகாட்டியிடம் தந்துவிட்டார்.

திரும்பும்போது கடலோரச் சாலையில் வந்தோம். பெரலிய என்ற இடத்தில், சுனாமியில் இறந்தவர்கள் நினைவாக உயரமான புத்தர் சிலை நிற்கிறது. முதல் அலைக்குப் பயந்து, அங்கே நின்றுவிட்ட ரயிலில் ஊர் ஜனங்களும் ஏறிக்கொண்டார்களாம். அடுத்து வந்த பெரிய அலை ரயிலையே புரட்டிப் போட, 1,000 பேருக்கு மேல் பலியானார்கள்.

"முதல் அலையோடு முடிஞ்சிதுன்னு நினைக்கக் கூடாது. அது தெரிஞ்சிருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்க" என்றார் வழிகாட்டி. மாமியார் தலையை ஆட்டினார்.

சகோதரிகளே... எல்லா ஊருக்கும் கோட்டைச் சுவர் கிடையாது. விஷயம் தெரிந்திருப்பதுதான் நமக்குச் சுவர். கடற்கரையில் பூமி வெகுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்கவோ மீன் பொறுக்கவோ போகாமல், உடனே மேட்டுக்கு ஓட வேண்டும். நகை, பணம் எடுக்கத் திரும்பக் கூடாது. ஆபத்து நீங்கியதாக அறிவிக்கும் வரை இறங்கக் கூடாது. சுனாமியைப் பார்க்காமல் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று... வயதானவர்களை ஏமாற்றி எங்கும் அழைத்துப் போகாதீர்கள். உள்ளதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், என் மாமியார் முன்பே வந்திருப்பாரோ என்னவோ!

- ஒரு வாசகி, நாகப்பட்டினம்.