அசுவினியும் அதைத் தேடி வரும் குளவியும்

போன தை மாதம், மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில் அவரைக் கொழுந்தெல்லாம் கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. கறுப்பு அசுவினி. பதறிப்போய் வேப்பெண்ணெயில் சோப்பு கலந்து பந்தல் முழுக்க அடித்தேன். பத்தே நாளில் முன்னைவிட அதிகம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கரைசல் எட்டாத ஒரு கொடியில் மட்டும் அடங்கியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பல அசுவினிகள் உப்பி, வைக்கோல் நிறத்தில் காய்ந்து ஒட்டியிருந்தன. சிலவற்றின் முதுகில் வட்டமாக ஓர் ஓட்டை!

ஒட்டுண்ணிக் குளவியின் வேலை அது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், நம்மைக் கொட்டாது. வயிற்றை முன்பக்கமாக வளைத்து அசுவினியின் உடம்புக்குள் ஒரு முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, அந்தக் கூட்டை அறுத்துக்கொண்டு குளவியாக வெளியே வரும். இதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

அசுவினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. நம் ஊர் வெயிலில் ஆண் துணையே இல்லாமல் பெண் நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போடும். வங்கியில் முப்பது வருஷம் கூட்டு வட்டி போட்டவனுக்கு இது புரியாமல் போகுமா? ஆகவே முதலில் அசுவினிதான் முந்தும்; குளவி பின்னால்தான் வரும். நடுவில் நாம் தெளித்தால் மேலே திரியும் குளவியும் சாகும். தப்பிப் பிழைத்த அசுவினிக்கு அப்புறம் எதிரி யார்?

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் நாசமானது ஞாபகம் இருக்கும். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. அசுவினிக்கு இறக்குமதியே வேண்டாம். குளவி இங்கேயே இருக்கிறது.

இப்போது நான் முதலில் உப்பின கூடு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் கை வைப்பதில்லை. மொய்த்த கொழுந்தை மட்டும் கிள்ளிவிடுகிறேன். அதிலும் கூடு தெரிந்தால் பந்தலடியிலேயே போட்டுவைக்கிறேன், குளவி வெளியே வரட்டும் என்று. எறும்பை அவசியம் தடுக்கணும். அசுவினி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக அது குளவியை விரட்டும். ரெண்டு தொட்டியில் கொத்தமல்லியைப் பூக்க விட்டிருக்கிறேன், குளவிக்குத் தேன் வேணுமே.

இந்த வருஷம் ரெண்டு கொடி போயிற்று. மற்றதில் காய் பறித்துக்கொண்டிருக்கிறோம்.