தொகுதிக் கணக்கு – 14: கைநாட்டின் கனம்

திருநகரின் தேர்தல் முகவரி கொஞ்சம் சிக்கலானது. மாநகராட்சி மதுரை, சட்டமன்றத் தொகுதி திருப்பரங்குன்றம், நாடாளுமன்றத்துக்கோ 2009 முதல் விருதுநகர். தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர், 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது, ஹார்விபட்டி, அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகியவற்றோடு உள்ளே இழுக்கப்பட்டது. இந்த ஊர்க்காரர் 2016 மே முதல் 2019 மே வரை மூன்றே ஆண்டுகளில் ஒரே சட்டமன்ற நாற்காலிக்கு மூன்று முறை விரலில் மை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் வேறொருவர் வென்றார். முதலாமவர் பதவியேற்காமலே காலமானார். இரண்டாமவர் வென்றதே செல்லாது என்று, அவர் இறந்து ஏழு மாதம் கழித்து உயர் நீதிமன்றம் சொன்னது. மூன்றாமவர் மீதமிருந்த இரண்டாண்டை ஓட்டினார். இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்வது நடுவில் நிற்பவரை: ஏ.கே. போஸ்.

போஸ் மூன்று தேர்தல்களில் வென்றவர். மூன்றிலும் இரட்டை இலை. 2006-இல் திருப்பரங்குன்றம், 2011-இல் மதுரை வடக்கு, 2016 நவம்பர் இடைத்தேர்தலில் மீண்டும் திருப்பரங்குன்றம். கடைசி வெற்றி ரத்தானதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: மக்கள் கொடுத்த வெற்றியை ஒரு கைரேகைக்காகப் பறித்துவிட்டார்கள், இது வெறும் டெக்னிக்கல் பாயிண்ட். நான் அப்படி நினைக்கவில்லை. போஸின் அரசியல் வாழ்க்கையை முதலிலிருந்து அடுக்கிப் பார்த்தால், அவருடைய ஒவ்வொரு வெற்றிக்கும் அஸ்திவாரமாக இருந்தது தலைமையின் கையொப்பம்தான் என்பது தெரியும். கட்டடமே அதன் மேல் நிற்கும்போது, அது முறைப்படி விழுந்ததா என்று தோண்டிப் பார்ப்பதை எப்படிச் சில்லறைக் காரியம் என்று சொல்வது?

2006-இல் திருப்பரங்குன்றம் மிகப் பெரிய தொகுதி. எதிரே நின்றவர் திமுக கூட்டணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் சு. வெங்கடேசன், ‘காவல் கோட்டம்’ அச்சுக்கு வராத காலம் அது. மாநிலத்தில் ஆட்சி திமுகவுக்குப் போன அந்தத் தேர்தலில் இங்கே இலை வென்றது. ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் ஐந்தாண்டு ஒரு தொகுதியில் அலைந்து திரிந்து பெயர் எடுத்தால், அடுத்த முறை அதே தொகுதியில் மக்களைச் சந்திப்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். 2011-இல் அது நடக்கவில்லை. அதிமுக கூட்டணிக்கு வந்த தேமுதிகவுக்குத் திருப்பரங்குன்றம் ஒதுக்கப்பட்டது. அங்கே முரசு சின்னத்தில் ஏ.கே.டி. ராஜா வென்றார். போஸ், மறுசீரமைப்பில் உருவான மதுரை வடக்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே காங்கிரசை எளிதாகத் தோற்கடித்தார். தேமுதிகவுக்கு அளித்த குன்றமும் போஸுக்கு அளித்த வடக்கும் ஒரே அலையில் ஒரே அணிக்கு வந்தன. யார் எங்கே நிற்பது என்பது வாக்காளரைக் கேட்டு முடிவான விஷயமில்லை.

2016 மே மாதம் சீட்டு மறுபடி கலைக்கப்பட்டது. 2011 முதல் மதுரை மேயராக இருந்த வி.வி. ராஜன் செல்லப்பாவுக்கு வடக்குத் தொகுதி போனது. குன்றம், 2001-இல் அங்கே வென்றிருந்த எஸ்.எம். சீனிவேலிடம் திரும்பியது. போஸ் உறுப்பினராக இருந்த இரு தொகுதிகளும் வேறு இருவர் கையில். சீனிவேல் 22,992 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் முடிவு வந்தபோது உடல்நலம் குன்றியிருந்தவர், மற்ற உறுப்பினர்கள் பதவியேற்ற மே 25 அன்றே காலமானார். அப்படிக் காலியான இடத்துக்குத்தான் போஸ் திரும்பி வந்தார். அரசியலில் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். ஆனால் அந்த அதிர்ஷ்டமும் ஒரு பி ஃபாரம் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

அந்த ஃபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். சின்னங்கள் தொடர்பான 1968-ஆம் ஆண்டு ஆணைப்படி, ஒருவர் ஒரு கட்சியின் வேட்பாளர் என்பதற்கு ஏ, பி என்று இரண்டு படிவங்கள் சான்று. கட்சியின் பெயரால் வேட்பாளரை அறிவிக்க யாருக்கு அதிகாரம், அவர் கையொப்பம் எப்படி இருக்கும் என்று கட்சித் தலைமை தெரிவிப்பது ஏ படிவம். இந்தத் தொகுதிக்கு இன்னார் எங்கள் வேட்பாளர் என்று அந்த அதிகாரம் பெற்றவர் எழுதிக் கொடுப்பது பி. இரண்டும் மையினால் கையொப்பமிடப்பட வேண்டும். அச்சில் எடுத்த கையொப்பமும் ரப்பர் ஸ்டாம்பும் செல்லாது என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆகவே படிவம் விழுந்தால் சின்னம் மட்டும் போவதில்லை, ஒற்றை முன்மொழிவை நம்பிக் கொடுத்த வேட்புமனுவே காலில்லாமல் நிற்கும்.

2016 செப்டம்பர் 22 அன்று சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஜெயலலிதா, அந்த இடைத்தேர்தலுக்கான படிவங்களில் கையொப்பமிடவில்லை. அக்டோபர் 27 தேதியிட்ட படிவங்களில் இருந்தது அவருடைய இடது பெருவிரல் ரேகை. மூச்சுக்குழாயில் சிகிச்சை நடந்திருக்கிறது, வலது கை வீங்கியிருக்கிறது, அதனால் தற்காலிகமாகக் கையொப்பமிட முடியவில்லை, என் முன்னிலையில்தான் ரேகை வைத்தார் என்று அரசு மருத்துவர் ஒருவர் சான்றளித்திருந்தார். நவம்பர் 19-இல் வாக்குப்பதிவு, 22-இல் எண்ணிக்கை. போஸ் 1,13,032 வாக்குகள். திமுகவின் மருத்துவர் பா. சரவணன் 70,362. வித்தியாசம் 42,670. டிசம்பர் 5-இல் ஜெயலலிதா மறைந்தார்.

இந்த இடத்தில் முதல் ஆட்சேபம் எழும். நாட்டில் கோடிக்கணக்கானோர் கைநாட்டு வைத்து நிலம் வாங்குகிறார்கள், பத்திரம் பதிகிறார்கள். ஒரு முதலமைச்சரின் பெருவிரலுக்கு மட்டும் மதிப்பில்லையா? நியாயமான கேள்விதான். ஆனால் தேர்தல் சட்டம் கைநாட்டை மறுக்கவில்லை. எழுத முடியாதவர் அடையாளம் வைக்கலாம். அதைத் தேர்தல் அதிகாரியோ, அதற்கென்று குறிப்பிடப்பட்ட அலுவலரோ நேரில் பார்த்து, ஆள் இன்னார்தான் என்று திருப்திப்பட்டுச் சான்றளிக்க வேண்டும் என்கிறது. பத்திரப் பதிவிலும் இதே தர்க்கம்தான். சார்பதிவாளர் முன்னால்தானே ரேகை வைக்கிறோம்? கையொப்பத்தில் எழுதுகிறவரின் மனம் கொஞ்சமாவது கலந்திருக்கும். ரேகைக்கு அது தேவையில்லை, தூங்குகிறவர் விரலிலும் எடுத்துவிடலாம். யாரும் அப்படி எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் பொறுப்புள்ள மூன்றாவது கண் ஒன்றைச் சட்டம் கேட்கிறது. மருத்துவர் நல்லவராகவே இருக்கலாம். தேர்தல் அலுவலர் ஆகிவிட மாட்டார். சரவணன் தொடுத்த வழக்கில் 2019 மார்ச் 22 அன்று நீதிபதி பி. வேல்முருகன், அந்தப் படிவங்களை ஏற்றது சரியல்ல என்று போஸின் தேர்தலை ரத்து செய்தார்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 42,670 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர், சின்னம் எதுவானாலும் வென்றிருக்க மாட்டாரா? இதற்குத் தொகுதியின் கணக்கே பதில் வைத்திருக்கிறது. 2016 மே மாதம் இங்கே திமுகவுக்காக நின்றவர் மு. மணிமாறன், அவர் பெற்றது 70,461. ஆறு மாதம் கழித்து, வேறொரு வேட்பாளரான சரவணன் பெற்றது 70,362. ஆள் மாறியதால் உதயசூரியனுக்கு ஏற்பட்ட வேறுபாடு 99 வாக்கு! இந்தப் பக்கம் சீனிவேலின் 93,453 போஸின் 1,13,032 ஆனது உண்மை. ஆளுங்கட்சிக்கு இடைத்தேர்தலில் கிடைக்கும் ஏற்றம் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல. 2009-இல் பக்கத்துத் திருமங்கலம் நாடு முழுக்கப் பேசப்பட்டது அதனால்தானே. 2019-இல் இலையின் வேட்பாளர் முனியாண்டி 83,038 பெற்று, சரவணனிடம் வெறும் 2,396 வாக்கில் தோற்றார். அமமுக வேட்பாளர் 31 ஆயிரத்துச் சொச்சம் எடுத்தார். இலையையும் அமமுகவையும் கூட்டிப் பாருங்கள்: போஸ் வாங்கியதற்கு ஆயிரம் முன்னே பின்னே வந்து நிற்கும். போஸும் இல்லை, ஜெயலலிதாவும் இல்லை. அந்த வாக்கு மட்டும் அப்படியே இருந்திருக்கிறது, இரண்டு பானைகளில்.

ஆர்.கே. நகரைச் சுட்டி மறுப்பவர்கள் இருப்பார்கள். 2017 டிசம்பரில் அங்கே இரட்டை இலையைக் குக்கர் தோற்கடித்தது. சின்னமா பெரிது என்று கேட்கலாம். அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் அங்கே சுயேச்சையாக வென்ற டி.டி.வி. தினகரன், தானே கட்சி என்று உரிமை கொண்டாடி நின்றவர். சீட்டுக் கிடைக்காத ஒரு மாவட்டப் பிரமுகர் அப்படி நின்று வென்ற கதையை இந்தத் தொகுதிகளில் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

எனக்கே சமாதானம் ஆகாத ஆட்சேபம் மூன்றாவது: தாமதம். தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். இந்த வழக்கின் தீர்ப்போ, தேர்தல் முடிவு வந்து 28 மாதம் கழித்து வந்தது. நடுவில், ஜெயலலிதா இருந்த பெங்களூரு சிறையிலிருந்து அவருடைய ரேகையை வரவழைக்க உயர் நீதிமன்றம் முயன்றதும், 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும் நடந்தன. 2018 ஆகஸ்ட் 2 அன்று போஸ் காலமானார். வென்றவர் இறந்தால் தேர்தல் வழக்கு தானாக முடிந்துபோவதில்லை. வழக்கு நடந்தது, நாற்காலி காலியாக இருந்தது. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையைக் காட்டி மாநில அரசு கடிதம் எழுத, தேர்தல் ஆணையம் ஒத்திவைத்தது. 2019 மார்ச்சில் 18 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் அறிவித்தபோது, வழக்கு நிலுவையில் இருப்பதைச் சொல்லிக் குன்றத்தை விட்டுவிட்டது. ஒன்பது மாதத்துக்கு மேல் இத்தொகுதிக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. திருநகருக்கு இதில் இரட்டை நஷ்டம்: மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அந்த ஒன்பது மாதமும் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக் கவுன்சிலரும் கிடையாது, எம்.எல்.ஏ.வும் கிடையாது. தீர்ப்பு சரி என்று நான் வாதிடுவது இந்தத் தாமதத்துக்கு வக்காலத்து ஆகாது. கையொப்பம் அவ்வளவு முக்கியம் என்றால், அதைப் பற்றிய கேள்விக்குப் பதிலும் அவ்வளவு விரைவாக வந்திருக்க வேண்டும்.

போஸ் வென்ற அதே நாளில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் அதே கட்சி வென்றது. பணப் பட்டுவாடா புகாரில் மே மாதத் தேர்தல் ரத்தான தொகுதிகள் அவை. அங்கேயும் படிவங்களில் பெருவிரல்தான். வென்ற செந்தில்பாலாஜியும் ரங்கசாமியும் 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் அடங்குவார்கள். அன்று ரேகைப் படிவத்தோடு சட்டமன்றம் சென்ற மூவரில் ஒருவரும் முழுக்காலம் இருக்கவில்லை.

வழக்குத் தொடுத்த சரவணனுக்கு வருவோம். தன்னையே வென்றவராக அறிவிக்க வேண்டும் என்ற அவர் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2019 மே 19 அன்று மக்களிடம் போய்த்தான் அந்த இடத்தை வாங்கினார். 2021-இல் அவருக்கும் போஸுக்கு நேர்ந்ததே நேர்ந்தது. திமுக, குன்றத்தைக் கூட்டணியின் மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஒதுக்கியது. அங்கே எஸ்.கே. பொன்னுத்தாயைத் தோற்கடித்தவர், வடக்கிலிருந்து இடம் மாறி வந்த ராஜன் செல்லப்பா. சரவணன் பாரதிய ஜனதாவில் சேர்ந்த அன்றே வேட்பாளராகி, போஸ் ஒருகாலத்தில் வென்ற அதே மதுரை வடக்கில் தாமரைச் சின்னத்தில் நின்று, திமுகவின் கோ. தளபதியிடம் தோற்றார். 2022-இல் அந்தக் கட்சியையும் விட்டு விலகினார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மதுரையில் மறுபடி நின்றார். வென்றவர், 2006-இல் போஸிடம் தோற்ற சு. வெங்கடேசன். மூன்றாம் இடத்துக்குப் போன சரவணனின் சின்னம், இரட்டை இலை.

(தொடரும்)